மீட்டர் பழுதா, செட்டிங் தப்பா? ஆலைக் கண்காணிப்புக் கருவிகளில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஒரு ஸ்பின்னிங் மில்லை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பேனலிலும் எனர்ஜி மீட்டர், கம்ப்ரசர் லைனில் பிரஷர் டிரான்ஸ்மிட்டர், பேரிங்குகளில் வெப்ப சென்சார். எல்லாம் ஆர்.எஸ்.-485 என்ற இரண்டு கம்பி இணைப்பில் மாட்பஸ் என்ற தகவல் மொழி பேசி, எல்லாவற்றையும் வாசித்துத் தொகுக்கும் கேட்வே என்ற கருவிக்கு வருகின்றன. அங்கிருந்து கணக்குத் திரைக்குப் போகிறது. திரையில் எண் தப்பாக வந்தால் முதல் பழி மீட்டர் மேல்தான் விழும். கழற்றிப் புது மீட்டரை மாட்டுவார்கள், அதே பிழை திரும்ப வரும். புதிதாகக் கருவி பொருத்திய ஆலைகளில் வரும் புகார்களில் பெரும்பாலானவை செட்டிங் சம்பந்தப்பட்டவை. தப்பாக வரும் எண்ணையே கொஞ்சம் உற்றுப் பார்த்தால் எந்த செட்டிங் என்று அதுவே காட்டிக்கொடுக்கும். அதனால் எண்ணைப் படிக்காமல் எந்த மெனுவையும் தொடாதீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர், யூ.எஸ்.பி.-485 கன்வர்டர், மாட்பஸ் மாஸ்டர் (கேள்வி கேட்கும் பக்கம்) மென்பொருள் உள்ள லேப்டாப், அந்த மாடலுக்கே உரிய ரிஜிஸ்டர் பட்டியல் (எந்த அளவு மீட்டரின் எந்த நினைவக எண்ணில் இருக்கிறது என்ற பட்டியல்). ஒரே கம்பெனியின் அடுத்த மாடலுக்குக் கூடப் பட்டியல் மாறும். வேலை தொடங்குமுன் மீட்டரின் ஒவ்வொரு மெனுப் பக்கத்தையும் போனில் படம் எடுங்கள், கேட்வேயின் கான்ஃபிகரேஷனை ஃபைலாக இறக்கி வையுங்கள். பழைய செட்டிங் தெரியாமல் நாலு மாற்றம் செய்துவிட்டால் ஒரு பிழை நாலாகிவிடும்.

பாதுகாப்பில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். லோடு ஓடும்போது சி.டி.யின் (பெரிய கரண்டை மீட்டருக்கு ஏற்றபடி குறைத்துக் கொடுக்கும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) செகண்டரி கம்பியை, அதாவது மீட்டருக்குப் போகும் கம்பியை, கழற்றவே கூடாது. திறந்த முனைகளில் உயிரை வாங்கும் அளவுக்கு வோல்டேஜ் எழும், சி.டி.யும் போகும். செகண்டரி முனைகளை ஒன்றாக இணைக்கும் ஷார்ட்டிங் லிங்க் போட்ட பிறகே மீட்டர் பக்கம் கை வைக்க வேண்டும். லிங்க் வசதி இல்லாத பேனல் என்றால் ஷட்டவுனுக்குக் காத்திருங்கள்.

பிறகு ஒரு நிமிடச் சோதனை. மீட்டரின் சொந்த டிஸ்பிளேயையும் திரையையும் ஒரே நேரத்தில் பாருங்கள். டிஸ்பிளே சரி, திரை தப்பு என்றால் பிழை கேட்வே பக்கம். டிஸ்பிளேயே தப்பு என்றால் மீட்டரின் மெனுவிலோ வயரிங்கிலோ இருக்கிறது. பாதி நேரம் இங்கேயே மிச்சமாகும்.

அறிகுறி: ஒரு மீட்டரும் பதில் சொல்லவில்லை

எல்லாம் ஒரேயடியாக ஊமையானால் பொதுவான இடத்தில்தான் கோளாறு: கேட்வேயின் போர்ட், பாட் ரேட் (தரவு வேகம்), பேரிட்டி (பிழை சோதிக்கும் கூடுதல் பிட்) அல்லது 485 லைனின் ஏ, பி கம்பிகள். மாட்பஸ் விதிப்புத்தகம் இயல்பு நிலையாகச் சொல்வது 19200 பாட், ஈவன் பேரிட்டி. சந்தையில் வரும் மீட்டர்களோ பெரும்பாலும் 9600, பேரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று வருகின்றன. கேட்வே ஒன்றில், மீட்டர் இன்னொன்றில் இருந்தால் பிழைச் செய்தி கூட வராது, பதில் வராமல் நேரம் முடியும் வெறும் டைம்அவுட்தான்.

ஏ, பி குறியீட்டை நம்பாதீர்கள். தரநிலைப்படி ஏ என்பது நெகட்டிவ் பக்கம். ஆனால் ஏராளமான கம்பெனிகள் ஏ-வை பிளஸ் என்று அச்சிடுகின்றன. கேட்வேயில் இரண்டு கம்பியையும் மாற்றிப் பாருங்கள், அதனால் எதுவும் எரியாது. கேட்வே பக்கம் மாறியிருந்தால் மொத்த லைனும் ஊமை. ஒரு மீட்டரில் மட்டும் மாறியிருந்தால் பொதுவாக அது மட்டும் ஊமை.

அப்படியும் வரவில்லையா? கேட்வேயை லைனிலிருந்து கழற்றிவிட்டு, லேப்டாப்பை ஒரே ஒரு மீட்டரோடு ஒரு மீட்டர் நீளக் கம்பியில் நேராக இணைத்துப் படியுங்கள். கேட்வேயைக் கழற்றாமல் செய்தால் ஒரே கம்பியில் இரண்டு மாஸ்டர் ஆகிவிடும், சோதனையே பொய்யாகும். லேப்டாப்பில் எந்த செட்டிங்கில் பதில் வருகிறதோ அதை அப்படியே கேட்வேயில் போடுங்கள். சில மீட்டர்களில் பாட் ரேட்டை மாற்றிய பின் மெனுவிலிருந்து ‘சேவ்’ சொல்லி வெளியே வர வேண்டும், சிலவற்றில் சப்ளையை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். டிஸ்பிளேயில் புது எண் தெரிவதால் அது அமலுக்கு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

அறிகுறி: ஒன்றிரண்டு மட்டும் வரவில்லை, அல்லது இரண்டின் எண் மாறி மாறி வருகிறது

முகவரி மோதல், அதாவது ஒரே லைனில் இரண்டு மீட்டருக்கு ஒரே எண். புது மீட்டர்கள் பெட்டியிலிருந்து வரும்போது பொதுவாக எல்லாமே முகவரி 1. பழுதான ஒன்றுக்குப் பதிலாகப் புதியதை மாட்டி முகவரி மாற்ற மறந்தால், லைனில் ஏற்கெனவே இருக்கும் 1-ம் இதுவும் ஒரே நேரத்தில் பேசி சி.ஆர்.சி. (தரவு சிதையாமல் வந்ததா என்ற சரிபார்ப்பு) பிழை வரும். சந்தேகப்படும் மீட்டரின் 485 கம்பியைக் கழற்றுங்கள். உடனே மற்றது ஒழுங்காகப் பேசினால் மோதல் உறுதி. செல்லுபடியாகும் முகவரி 1 முதல் 247 வரை. 0 எல்லோருக்குமான அறிவிப்பு முகவரி, அதற்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

அறிகுறி: பிழை எண் 1, 2 அல்லது 3 வருகிறது

இது நல்ல செய்தி. மீட்டர் பிழை எண் அனுப்புகிறது என்றால் கம்பி, பாட் ரேட், பேரிட்டி, முகவரி நாலும் சரி. மேலே சொன்ன எதையும் இனித் தொட வேண்டாம், கேட்கும் கேள்விதான் தப்பு.

எண் 1 என்றால் ஃபங்ஷன் கோடு (என்ன வகை வாசிப்பு என்று சொல்லும் எண்) பொருந்தவில்லை: 03-க்குப் பதில் 04, அல்லது 04-க்குப் பதில் 03 போட்டுப் பாருங்கள். எண் 2 என்றால் அந்த ரிஜிஸ்டர் முகவரி அங்கே இல்லை. கையேட்டில் 40101 என்று அச்சிட்டிருந்தால், முன்னால் இருக்கும் 4 வகையைக் குறிப்பது. மிச்சம் 101, கம்பியில் போகும் முகவரி 100. சில கேட்வேக்கள் ஒன்றைத் தாமே கழித்துக்கொள்ளும், சில கழிக்காது. கையேட்டில் 100 என்று இருப்பது பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்ணா என்றும் பாருங்கள், அப்படியானால் அது தசமத்தில் 256. எண் 3 பெரும்பாலும் ஒரே கேள்வியில் நிறையக் கேட்டதால் வரும். மாட்பஸில் ஒரு வாசிப்புக்கு உச்சம் 125 ரிஜிஸ்டர், பல மீட்டர்கள் அதற்கும் கீழே தம் சொந்த வரம்பு வைத்திருக்கும்.

அறிகுறி: வருகிறது, விட்டு விட்டு அறுகிறது

ஹியூமிடிஃபிகேஷன் ஃபேனின் டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) ஓடும்போது மட்டும் அறுந்தால் இரைச்சல்தான் காரணம். 485 கேபிளை டிரைவின் மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் போட்டிருப்பார்கள். பிரித்துப் போடுங்கள். முறுக்கிய ஜோடிக் கேபிளா என்று பாருங்கள், ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

எந்நேரமும் அறுந்தால் முதலில் ஓம் அளவு. எல்லாக் கருவிகளின் சப்ளையையும் அணைத்துவிட்டு ஏ, பி இடையே அளந்து பாருங்கள். லைனின் இரு கோடியிலும் 120 ஓம் டெர்மினேஷன் ரெசிஸ்டர் இருந்தால் சுமார் 60 வரும், கருவிகள் நிறைய இருந்தால் 50 சொச்சம். 120-ஐ ஒட்டி வந்தால் ஒன்றுதான் இருக்கிறது. 40 வந்தால் யாரோ நடுவில் இருக்கும் மீட்டரிலும் டெர்மினேஷன் சுவிட்சைப் போட்டிருக்கிறார்கள், அதைத் தேடி அணையுங்கள். பிறகு சப்ளை கொடுத்து, கேட்வேயின் வாசிப்பை நிறுத்திவிட்டு, ஏ, பி இடையே டி.சி. வோல்ட் பாருங்கள். 200 மில்லி வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் லைன் சும்மா இருக்கும்போது ரிசீவருக்கு 0-வா 1-ஆ என்று தெரியாது. சும்மா இருக்கும் லைனை ஒரு நிலையில் பிடித்து வைக்கும் பயாஸ் சுவிட்ச் கேட்வேயில் இருக்கும், அதை ஆன் செய்யுங்கள், ஒரே இடத்தில் மட்டும்.

கம்பி ஒரே கோடாகப் போகிறதா என்பதையும் நடந்தே பார்த்துவிடுங்கள். ஜங்ஷன் பாக்ஸிலிருந்து நாலு பக்கமும் கிளை பிரித்திருந்தால் எந்த டெர்மினேஷனும் உதவாது.

இவை எல்லாம் சரி, இருந்தும் தரவு பிந்திப் பிந்தி வருகிறதா? நேரக் கணக்குப் போடுங்கள். 9600 பாட்டில் ஒரு பைட்டுக்குச் சுமார் 1.04 மில்லி செகண்ட். 60 ரிஜிஸ்டர் கேட்டால் கேள்வி 8 பைட், பதில் 125 பைட், சேர்த்து 139 மில்லி செகண்ட். மீட்டர் யோசிக்க ஒரு 50 என்று வைத்தால் 190. அப்படி 31 மீட்டருக்கு ஒரு சுற்று 6 செகண்ட் ஆகும். கேட்வேயில் ‘ஒரு செகண்டுக்கு ஒருமுறை வாசி’ என்று எழுதி வைத்தாலும் கம்பி அதற்கு இடம் கொடுக்காது. இதில் சப்ளை அணைந்த மீட்டர் ஒன்று பட்டியலில் இருந்து, டைம்அவுட் 1 செகண்ட், மறுமுயற்சி 3 என்று இருந்தால், அது ஒன்றே ஒவ்வொரு சுற்றிலும் 4 செகண்டைத் தின்கிறது. ஓடாத மெஷினின் மீட்டரைப் பட்டியலில் முடக்கி வையுங்கள், மறுமுயற்சியை 1 ஆக்குங்கள்.

அறிகுறி: அர்த்தமே இல்லாத எண்

வோல்டேஜ் 17254 என்று வருகிறதா? 230 வோல்ட்டை ஃப்ளோட் (தசமப் புள்ளி எண்) வடிவில் எழுதினால் இரண்டு ரிஜிஸ்டர், பதினாறடிமானத்தில் 4366, 0000. முதல் ரிஜிஸ்டரை முழு எண்ணாகப் படித்தால் தசமத்தில் 17254. ஃப்ரீக்வென்சி 16967 அல்லது 16968 என்று நின்றாலும் இதே கதை, அது 50 ஹெர்ட்ஸ். டேட்டா டைப்பை 32 பிட் ஃப்ளோட் ஆக மாற்றினால் முடிந்தது.

ஃப்ளோட் போட்ட பிறகு 0.000 என்று, அல்லது 10-ன் அடுக்கு −41 என்ற மாதிரி நுண்ணிய எண் வந்தால் வேர்டு ஆர்டர் (இரண்டு ரிஜிஸ்டரின் வரிசை) திரும்பியிருக்கிறது. 10-ன் அடுக்கு 23 போன்ற ராட்சத எண் வந்தால் பைட் ஆர்டர் (ஒரு ரிஜிஸ்டருக்குள் இரண்டு பைட்டின் வரிசை). கேட்வே மெனுவில் நாலு வரிசைகள் இருக்கும், ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஆனால் ஒரு பொறி இருக்கிறது.

முகவரி ஒன்று தள்ளிப் போய், வேர்டு ஆர்டரும் தப்பாக இருந்தால், இரண்டு தப்பும் சேர்ந்து நம்பும்படியான எண்ணைத் தரும். ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ்களில், ஆர் ஃபேஸின் இரண்டாம் ரிஜிஸ்டரும் ஒய் ஃபேஸின் முதல் ரிஜிஸ்டரும் ஒட்டிக்கொள்ளும். ‘ஆர்’ என்ற பெயரில் வரும் 232.4-ல் 232 ஒய் ஃபேஸுடையது, புள்ளிக்குப் பின்னால் இருப்பது ஆர் ஃபேஸுடையது. மூன்று வோல்டேஜும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் மாதக்கணக்கில் யாரும் கவனிக்க மாட்டார்கள். மாட்டிக்கொள்ளும் இடம் வரிசையின் கடைசி: பி ஃபேஸ் வோல்டேஜ் இருக்க வேண்டிய இடத்தில் அடுத்து வரும் அளவு, ஆம்பியரோ வேறேதோ, தலைகாட்டும். அதனால் வோல்டேஜை வைத்து மட்டும் வேர்டு ஆர்டரை முடிவு செய்யாதீர்கள். ஃப்ரீக்வென்சி, பவர் ஃபேக்டர் என்று ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு அளவுகளையாவது டிஸ்பிளேயோடு ஒப்பிடுங்கள்.

முழு எண் மீட்டர்களில் வரும் குழப்பங்கள் எளியவை. 65531 என்று வந்தால் அது −5, டைப்பை ‘சைன்டு’ (மைனஸும் வரும் வகை) ஆக்குங்கள். யூனிட் கணக்கு 65535 தாண்டியதும் 0-க்குத் திரும்பினால் 32 பிட் எண்ணில் கீழ்ப்பாதியை மட்டும் படிக்கிறீர்கள். ஒவ்வொரு யூனிட்டுக்கும் 65536 கூடினால் வேர்டு ஆர்டர்.

அறிகுறி: எண் நம்பும்படி இருக்கிறது, ஆனால் பில்லோடு ஒத்துப்போகவில்லை

எல்லாவற்றிலும் ஆபத்தானது இது, ஏனென்றால் எச்சரிக்கை எதுவும் வராது. கிளாம்ப் மீட்டரில் வரும் உண்மை அளவைத் திரையின் அளவால் வகுங்கள். அந்த வகுத்த எண்ணில்தான் விடை இருக்கிறது.

கிளாம்பில் 120 ஆம்பியர், மீட்டரில் 3 என்றால் 40 மடங்கு. சி.டி. 200/5, அதன் விகிதம் 40. மீட்டரில் சி.டி. பிரைமரி இன்னும் 5 என்றே இருக்கிறது. டிஸ்பிளேயில் 120 சரியாக இருந்து திரையில் 4800 வந்தால், மீட்டர் ஏற்கெனவே பெருக்கியதைக் கேட்வேயும் பெருக்குகிறது. அங்கே ஸ்கேலை 1 ஆக்குங்கள். 5 மடங்கு வித்தியாசம் என்றால் சி.டி.யின் செகண்டரி 1 ஆம்பியரா 5 ஆம்பியரா என்பதில் தப்பு. சரியாக 2 மடங்கு என்றால் சி.டி.க்குள் கேபிள் இரண்டு சுற்று போயிருக்கிறதா பாருங்கள். இரண்டு சுற்று போட்ட 100/5, 50/5 போல வேலை செய்யும், மீட்டரிலும் 50 என்றே போட வேண்டும். 1.73 அல்லது 0.58 வந்தால் ஃபேஸுக்கு ஃபேஸ் வோல்டேஜையும் ஃபேஸுக்கு நியூட்ரல் வோல்டேஜையும் மாற்றிப் படிக்கிறீர்கள், அல்லது மீட்டரில் 3 கம்பி, 4 கம்பித் தேர்வு தப்பு. 1000 என்றால் வாட், கிலோவாட் குழப்பம்.

ஆம்பியரும் வோல்ட்டும் சரி, கிலோவாட் மட்டும் குறைகிறதா? மூன்றில் ஒரு பங்கு வந்தால் ஒரு சி.டி. தலைகீழ். இரண்டு ஃபேஸ் கூட்டல், ஒன்று கழித்தல், மிச்சம் ஒரு பங்கு. மீட்டரில் ஃபேஸ்வாரிக் கிலோவாட் பக்கத்தைத் திறந்தால் ஒன்று மட்டும் மைனஸில் நிற்கும். மொத்தக் கிலோவாட் ஏறக்குறைய பூஜ்யம் என்றால் இரண்டு சி.டி.கள் ஃபேஸ் மாறிக் கிடக்கின்றன. லோடு மூன்று ஃபேஸிலும் சமமாக இருந்தால் பவர் ஃபேக்டர் எதுவானாலும் கூட்டுத்தொகை பூஜ்யம்தான் வரும். சில மீட்டர்களில் சி.டி. திசையை மெனுவிலேயே திருப்பலாம். ஆனால் ஃபேஸ் மாறியதை வயரில் திருத்துவதே நல்லது. மெனுவில் திருத்தினால், அடுத்து மீட்டர் மாற்றுபவருக்கு அது தெரியாது.

மேக்ஸிமம் டிமாண்ட் (சில நிமிடச் சராசரிகளில் மிக உயர்ந்த லோடு) மட்டும் மின்வாரிய மீட்டரோடு ஒத்துப்போகவில்லை என்றால், சராசரி எடுக்கும் நிமிடங்கள் இரண்டிலும் ஒன்றா என்று பாருங்கள். கே.வி.ஏ.வா கிலோவாட்டா, சராசரி எடுக்கும் நேர ஜன்னல் நகர்வதா நிலையானதா என்பதும் பொருந்த வேண்டும்.

அறிகுறி: பிரஷர் எப்போதும் கொஞ்சம் கூட, அல்லது மைனஸ்

0–10 பார் அளவை 4–20 மில்லி ஆம்பியராக அனுப்பும் டிரான்ஸ்மிட்டரை எடுத்துக்கொள்வோம். 7 பாரில் 15.2 மில்லி ஆம்பியர் வர வேண்டும். லைனைக் காலி செய்த பின்னும் திரையில் 2 பார் நின்றால் இன்புட் 0–20 என்று செட் ஆகியிருக்கிறது. அப்போது 7 பார் 7.6 ஆகத் தெரியும். மேலே போகப் போக வித்தியாசம் குறைவதால் முழு பிரஷரில் பார்த்தால் பிடிபடாது, பூஜ்யத்தில் பார்க்க வேண்டும்.

திரையில் −2.5 வந்தால் லூப்பில் ஓட்டமே இல்லை: கம்பி அறுந்திருக்கும், ஃபியூஸ் போயிருக்கும், அல்லது 24 வோல்ட்டை யார் கொடுப்பது என்பதில் குழப்பம். பூஜ்யத்தில் சரி, 7 பாரில் 4.4 என்றால் மாட்டியிருப்பது 0–16 பார் டிரான்ஸ்மிட்டர். பெயர்த்தகட்டைப் படித்து ரேஞ்சை அதற்கேற்ப மாற்றுங்கள். 3.6-க்குக் கீழோ 21-க்கு மேலோ மில்லி ஆம்பியர் நின்றால் டிரான்ஸ்மிட்டரே தன் பழுதைச் சொல்கிறது, அங்கே செட்டிங்கைத் தோண்டி நேரம் கழிக்க வேண்டாம்.

அறிகுறி: வெப்பநிலை பொருந்தவில்லை

பி.டி.100 (சூட்டுக்கேற்ப ஓம் மாறும்) சென்சாரைக் கழற்றி ஓம் பாருங்கள்: 0 டிகிரியில் 100, 30 டிகிரியில் 111.7, 100 டிகிரியில் 138.5. சென்சார் சரி, காட்டுவது எப்போதும் நாலு டிகிரி கூட என்றால், 3 கம்பி சென்சாரை 2 கம்பியாக இணைத்திருப்பார்கள். 0.5 சதுர மில்லி மீட்டர் கம்பி 20 மீட்டர் தூரம் போய் வந்தால் ஒன்றரை ஓம் கூடும். 1 ஓம் கூடினால் 2.6 டிகிரி கூடும்.

தெர்மோகப்பிளில் (சூட்டுக்கேற்ப நுண்ணிய வோல்டேஜ் தரும் சென்சார்) ஜே வகை சென்சாரை மாட்டி கே என்று செட் செய்தால், பேனல் 30 டிகிரியில் இருக்கும்போது உண்மையான 100 டிகிரி 120 ஆகத் தெரியும். சூடு ஏற ஏற எண் இறங்கினால் கம்பி தலைகீழ். நிறத்தை வைத்து பிளஸ், மைனஸ் முடிவு செய்யும்போது எச்சரிக்கை தேவை: அமெரிக்க முறையில் சிவப்பு என்பது மைனஸ்.

அறிகுறி: கேட்வேயில் எல்லாம் சரி, சர்வரில் கோளாறு

ஷிஃப்ட் ரிப்போர்ட் ஐந்தரை மணி நேரம் தள்ளி வந்தால் நேர மண்டலம் ஓர் இடத்தில் விடுபட்டிருக்கிறது அல்லது இரண்டு இடத்தில் கூட்டப்பட்டிருக்கிறது. கேட்வே உலக நேரத்தில் அனுப்பட்டும், திரை மட்டும் இந்திய நேரத்துக்கு மாற்றட்டும். கரண்ட் போய் வந்த பின் சர்வரோடு இணைய மறுத்தால் கேட்வேயின் கடிகாரத்தைப் பாருங்கள். பேட்டரி தீர்ந்து 1970-க்குப் போயிருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது. ஆலையின் ஃபயர்வாலில் நேரத்தை ஒத்திசைக்கும் யூ.டி.பி. 123 போர்ட் திறந்திருந்தால் நேரம் தானே சரியாகும். இரண்டு கேட்வேக்கள் மாறி மாறித் துண்டிக்கப்பட்டால், ஒன்றின் கான்ஃபிகரேஷனை மற்றதில் அப்படியே ஏற்றி, எம்.க்யூ.டி.டி. (சர்வருக்குத் தரவு அனுப்பும் முறை) கிளையன்ட் ஐ.டி.யை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். புதியது உள்ளே வரும்போது, தரவை வாங்கும் சர்வர் மென்பொருளான புரோக்கர் பழையதை வெளியே தள்ளும், அது திரும்ப வந்து இதைத் தள்ளும்.

திருத்திய பின்

ஒரு முறைக்கு ஒரு செட்டிங் மட்டும் மாற்றிப் பலனைப் பாருங்கள். சரியானதும் சப்ளையை அணைத்துப் போட்டு, செட்டிங் நிலைத்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். சி.டி. விகிதம், முகவரி, பாட் ரேட், வேர்டு ஆர்டர் நாலையும் ஒரு சீட்டில் எழுதிப் பேனல் கதவின் உட்புறம் ஒட்டுங்கள்.

கடைசியாக ஒரு மணி நேரக் கணக்கு. இன்கமர் (மின்சாரம் உள்ளே வரும் முதன்மை லைன்) மீட்டரில் ஏறிய யூனிட்டையும், அதன் கீழ் பிரிந்து போகும் எல்லா ஃபீடர் லைன்களிலும் ஏறிய யூனிட்டின் கூட்டுத்தொகையையும் ஒப்பிடுங்கள். சில சதவீதம் விலகினால் பரவாயில்லை. பத்து சதவீதத்துக்கு மேல் விலகினால், மீட்டர் இல்லாத ஃபீடர் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கிளாம்ப் மீட்டரை எடுத்துக்கொண்டு பெரிய லோடு உள்ள ஃபீடரிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு மீட்டரின் ஃபேஸ்வாரிக் கிலோவாட் பக்கத்தையும் திறந்து பார்த்துக்கொண்டே வாருங்கள்.